கூடாரம் கற்பித்த வைத்தியம்

சென்னைப் பட்டணத்தில் எத்தனையோ பேட்டைகள் இருக்கின்றன. மயிலாப்பூர் என்றால் கோயிலும் குளமும் நினைவுக்கு வரும். கொத்தவால் சாவடி என்றால் மண்டியும் மூட்டையும் நினைவுக்கு வரும். கீழ்ப்பாக்கம் என்று சொன்னால் மட்டும் கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். அந்தப் பேட்டையில் நிழல் மரங்களும் பெரிய பங்களாக்களும் நல்ல பள்ளிக்கூடங்களும் உண்டு. ஆனாலும் "இவனைக் கீழ்ப்பாக்கத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், அவர் பள்ளிக்கூடத்தைக் குறிப்பிடவில்லை என்பது சிறு குழந்தைக்குக் கூடத் தெரியும். நாடக மேடையிலும் சினிமாவிலும் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி எத்தனையோ தடவை கொட்டகையைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள்.

அப்படிச் சிரிக்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பார். அவருடைய வீட்டில் ஒரு தம்பியோ, தமக்கையோ, பெற்ற தாயாரோ அந்த வியாதியினால் அவதிப்பட்டுக் கொண்டிருக்கலாம். பக்கத்து ஆசனக்காரரிடம் அவர் அதைச் சொல்ல மாட்டார். நமது வீடுகளில் ஒருவருக்கு மாரடைப்பு என்றால் உற்றார் உறவினர் எல்லாரும் ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலும் வாங்கிக் கொண்டு விசாரிக்க வருகிறார்கள். மனத்தில் வியாதி என்றாலோ வாசற்கதவைச் சாத்திக் கொள்கிறோம். யாராவது கேட்டால், "பையன் பெங்களூரில் அத்தை வீட்டில் இருக்கிறான்" என்று சொல்லி விடுகிறோம்.

இப்படி மறைக்க வேண்டிய அளவுக்கு இது அபூர்வமான வியாதியா? பெங்களூர் 'நிம்ஹான்ஸ்' ஸ்தாபனத்தார் 2015-16-ம் வருஷங்களில் நமது தேசத்தின் 12 ராஜ்யங்களில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தார்கள். வயது வந்தவர்களில் நூற்றுக்கு 10.6 பேருக்கு ஏதாவது ஒரு வகை மனோவியாதி அப்போது இருந்ததாகத் தெரிய வந்தது. இவர்களில் பெரும்பாலோர் எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை என்பதும் தெரிய வந்தது. தீராத துக்கம், காரணமில்லாத பயம், குடிப்பழக்கம், சித்தப் பிரமை என்று இந்த வியாதிகளில் பல வகை உண்டு. நூற்றுக்குப் பத்துப் பேர் என்றால், பெரிய குடும்பம் ஒன்றின் கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள் என்று அர்த்தம். பெங்களூர் அத்தை வீட்டில் அத்தனை பேருக்கு இடம் போதாது!

ஆகையால், இவ்வியாதியை வைத்தியர்கள் எப்படிக் கவனிக்கிறார்கள், யாரை வீட்டிலிருந்தபடியே வரச் சொல்லி மருந்து கொடுக்கிறார்கள், யாரை ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கிறார்கள், அதன் பிறகு என்ன நடக்கிறது என்பதையெல்லாம் ஒவ்வொரு குடும்பத்தாரும் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

மதில் எழும்பிய கதை

கீழ்ப்பாக்கத்துக் கதை கும்பெனியார் காலத்தில் ஆரம்பமாகிறது. 1794-ம் வருஷத்தில் வாலண்டைன் கானலி என்ற வெள்ளைக்கார வைத்தியர் சென்னையில் சித்தப் பிரமை கொண்டவர்களுக்காக ஒரு விடுதியை ஏற்படுத்தினார். பிற்காலத்தில் அது சர்க்கார் ஸ்தாபனமாயிற்று. 1871-ம் வருஷத்தில் கீழ்ப்பாக்கத்திலிருந்த 'லோகாக் தோட்டம்' என்னும் இடத்தில் புதிய கட்டடங்கள் எழும்பி, 145 நோயாளிகளுடன் அது அங்கே குடியேறியது. அன்று முதல் ஊரின் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் பிரிக்க முடியாதபடி ஒன்றாகி விட்டன.

அக்காலத்து வைத்தியர்கள் எல்லாரும் கல் நெஞ்சர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். நோயாளிகளுக்குச் சோறும் துணியும் கொடுத்தார்கள். தோட்ட வேலையும் கைத்தொழிலும் கொடுத்து மனத்தைத் திருப்பப் பார்த்தார்கள். ஆனால் நோயைத் தீர்க்கும் மருந்து அவர்கள் கையில் இல்லை. அமைதியாகத் தூங்கச் செய்யும் திராவகங்களும் உயரமான மதில் சுவரும் இருந்தன. 1912-ம் வருஷத்துச் சட்டத்தின்படி, பெரும்பாலான நோயாளிகளை மாஜிஸ்டிரேட்டின் உத்தரவு பெற்றுத்தான் உள்ளே சேர்ப்பது வழக்கமாக இருந்தது. வியாதிக்காக ஒருவர் கோர்ட்டு உத்தரவின் மேல் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்றால், ஊரார் அதை எப்படி எடுத்துக் கொள்வார்கள்? ஜெயிலுக்குப் போனவருக்கும் அவருக்கும் அதிக வித்தியாசம் பாராட்ட மாட்டார்கள் அல்லவா?

மதிலுக்குள் போனவர் பந்துக்களுக்குத் தூரமாகி விடுவார். முதல் வருஷம் யாராவது வந்து பார்ப்பார்கள். அடுத்த வருஷம் கடிதம் வரும். அதற்கப்புறம் கடிதமும் நின்றுவிடும். நோயாளி குணமடைந்து விட்டாலும் அவரை அழைத்துப் போக யாரும் வர மாட்டார்கள். மதில் சுவரின் உண்மையான கொடுமை, அது உள்ளே இருப்பவரை வெளியே விடாததை விட, வெளியே இருப்பவர்களுக்கு உள்ளே இருப்பவரை மறக்கச் சொல்லிக் கொடுத்ததுதான்.

சாதாரண ஆஸ்பத்திரியில் ஒரு கதவு

இந்த நிலைமையில் 1933-ம் வருஷத்தில் கல்கத்தாவில் ஒரு புதுமை நிகழ்ந்தது. கிரீந்திரசேகர போஸ் என்பவர் அந்நகரத்தின் புகழ்பெற்ற மனோ வைத்தியர். வியன்னா நகரத்து மேதையான பிராய்டுடன் கடிதப் போக்குவரத்து வைத்துக் கொண்டிருந்தவர். 1922-ம் வருஷத்திலேயே இந்தியாவில் மனோதத்துவ ஆராய்ச்சிச் சங்கம் ஒன்றை ஸ்தாபித்தவர். அவர் கார்மைக்கேல் மெடிகல் காலேஜ் ஆஸ்பத்திரியில், காய்ச்சல்காரர்களும் வயிற்று வலிக்காரர்களும் வந்து மருந்து வாங்கிப் போகும் அதே இடத்தில், மனோவியாதிக்கும் ஒரு வெளி நோயாளிப் பிரிவைத் திறந்தார். ஆர். ஜி. கர் மெடிகல் காலேஜ் என்று பிற்பாடு பெயர் பெற்ற ஸ்தாபனம் அதுதான். நமது தேசத்தில் பொது ஆஸ்பத்திரியில் ஏற்பட்ட இத்தகைய பிரிவுகளில் அதுவே முதலாவது.

இது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். மாஜிஸ்டிரேட் இல்லை, போலீஸ் இல்லை, மதில் சுவர் இல்லை. பல் வலிக்குச் சீட்டு வாங்குகிற ஜன்னலிலேயே மன வலிக்கும் சீட்டு வாங்கிக் கொண்டு, டாக்டரைப் பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் வீடு திரும்பி விடலாம். இந்த வியாதியும் மற்ற வியாதிகளைப் போன்றதே என்று நூறு பிரசங்கங்களில் சொல்ல முடியாததை அந்த ஒரு கதவு சொல்லிவிட்டது.

கதவு திறந்தாலும் கொடுப்பதற்கு மருந்து வேண்டுமே? அதிலும் கல்கத்தாவுக்குப் பங்கு உண்டு. நமது முன்னோர்கள் சித்தப் பிரமைக்கு உபயோகித்து வந்த சர்ப்பகந்தி வேரைப் பற்றி, 1931-ம் வருஷத்தில் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் எழுதினார்கள். இரத்தக் கொதிப்பையும் மனக் கொதிப்பையும் அந்த வேர் தணிக்கிறது என்று கண்டு சொன்னார்கள். 1952-ம் வருஷத்தில் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து ரசாயன சாஸ்திரிகள் அந்த வேரிலிருந்து 'ரெஸர்பின்' என்னும் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே 1952-ல் பாரிஸ் நகரத்து ஸேன்த் ஆன் ஆஸ்பத்திரியில் டிலே, டெனிகர் என்ற இரண்டு டாக்டர்கள் 'குளோர்ப்ரோமஸின்' என்ற புதிய மருந்தை மனோ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பல வருஷங்களாகக் கூச்சலிட்டுக் கொண்டிருந்தவர்கள் சில வாரங்களில் அமைதியாக உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள்.

ரெஸர்பினை விட நல்ல மருந்துகள் பின்னால் வந்துவிட்டபடியால், மனோ வைத்தியத்தில் அதன் உபயோகம் வெகு சீக்கிரத்தில் குறைந்து போயிற்று. நமது வேர் என்ற பெருமைக்காக யாரும் சர்ப்பகந்தியை நாட்டு மருந்துக் கடையில் வாங்கி அரைத்துக் கொடுக்க வேண்டாம். இரத்த அழுத்தம் அபாயகரமாகக் குறைந்து விடக் கூடும். பெருமை வேறு, வைத்தியம் வேறு.

அமிர்தசரஸில் அடித்த கூடாரங்கள்

மருந்து மேல் நாட்டிலிருந்து வந்தது. ஆனால் இந்த வைத்தியத்தின் மற்றொரு பாதியை நமது தேசம் உலகத்துக்குக் கற்றுக் கொடுத்தது என்பதைப் பலர் அறிய மாட்டார்கள்.

தேசப் பிரிவினையின் கோரத்தை எல்லாரையும் விட அதிகமாக அனுபவித்த ஊர்களில் அமிர்தசரஸ் ஒன்று. லாகூரிலிருந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் ஹிந்து, சீக்கிய நோயாளிகள் 1950-ம் வருஷத்தில் எல்லை தாண்டிக் கொண்டுவரப்பட்டு, அமிர்தசரஸ் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். நோயாளிகள் ஏராளம், டாக்டர்களும் நர்ஸுகளும் கொஞ்சம், கட்டடத்திலோ இடமில்லை. அந்த ஆஸ்பத்திரிக்குத் தலைவராக இருந்தவர் டாக்டர் வித்யாசாகர்.

மற்றொருவராக இருந்தால் 'இடம் இல்லை' என்று பலகை மாட்டியிருப்பார். டாக்டர் வித்யாசாகர் ஆஸ்பத்திரி மைதானத்தில் கூடாரங்களை அடிக்கச் சொன்னார். நோயாளியை அழைத்து வந்த தாய் தகப்பன்மார்களையும், மனைவி மக்களையும், அண்ணன் தம்பிகளையும் பார்த்து, "நீங்களும் இவருடன் இங்கேயே தங்குங்கள்" என்று ஏற்பாடு செய்தார். நோயாளிக்கு உணவு கொடுப்பது, குளிப்பாட்டுவது, மருந்து சாப்பிட வைப்பது எல்லாவற்றிலும் குடும்பத்தார் கை கொடுத்தார்கள். எல்லாரையும் கூட்டி வைத்துக் கொண்டு டாக்டர் பேசுவார். இந்த வியாதி எதனால் வருகிறது, எப்படிப் போகிறது, எந்தச் செய்கைக்குப் பயப்பட வேண்டாம், எதை அலட்சியம் செய்யக் கூடாது என்று சாதாரணப் பாஷையில் எடுத்துச் சொல்வார்.

பலன் என்ன ஆயிற்று? நோயாளிகள் சீக்கிரமாகத் தேறினார்கள். வருஷக் கணக்கில் தங்க வேண்டியிருந்தவர்கள் வாரக் கணக்கில் வீடு திரும்பினார்கள். பக்கத்துக் கூடாரத்து நோயாளி குணமடைவதைப் பார்த்தவர்களுக்கு நம்பிக்கை பிறந்தது. 'ஏதோ பாவத்தின் சம்பளம்' என்று எண்ணி வந்தவர்கள், இதுவும் ஒரு நோய் என்று தெரிந்து கொண்டு ஊருக்குப் போய் நாலு பேருக்குச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, கூடவே இருந்து பார்த்துக் கொண்டவர்கள் நோயாளியை விட்டுவிட்டு ஓடிப் போகவில்லை. கையோடு வீட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

இடப்பற்றாக்குறை காரணமாக உதித்த யோசனை ஒரு வைத்திய முறையாகவே வளர்ந்தது. 1957-ம் வருஷத்தில் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த மனோ வைத்திய நிலையம் பாகாயத்தில் ஆரம்பமாயிற்று. கானடா தேசத்திலிருந்து வந்த புளோரன்ஸ் நிக்கல்ஸ் என்ற பெண் டாக்டர் அதை ஏற்படுத்தினார். அங்கே நோயாளியுடன் குடும்பத்தாரும் வந்து தங்க வேண்டும் என்பதையே விதியாக வைத்தார்கள். மேல் நாடுகளில் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதே நல்லது என்று பல டாக்டர்கள் நம்பியிருந்த காலம் அது. அங்கேயிருந்து வந்து பார்த்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். நமக்கோ அதில் ஆச்சரியமில்லை. பெரியாஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளியின் கட்டிலுக்கடியில் பாயை விரித்து அம்மா படுத்துக் கொள்ளாத ஊர் நமது நாட்டில் எது?

ஒரு வீட்டின் கதை

பழங்கதை இருக்கட்டும். இன்றைய வைத்தியம் எப்படி நடக்கிறது என்பதை அறிய, ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். தகப்பனார் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். தாயார் பூஜையும் அடுப்புமாக இருப்பவர். 22 வயதுப் பையன் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறான். இப்படிப்பட்ட குடும்பம் நமது தெருவில் ஒன்று நிச்சயம் உண்டு.

பையன் கொஞ்ச நாளாகக் குளிப்பதில்லை. ராத்திரியில் தூங்குவதில்லை. யாரும் இல்லாத அறையில் யாருக்கோ பதில் சொல்கிறான். எதிர் வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசிக் கொண்டிருப்பதாகச் சொல்லி ஜன்னலைச் சாத்துகிறான். தகப்பனார் முதலில் சோம்பேறித்தனம் என்று கோபித்துக் கொள்கிறார். தாயார் குலதெய்வத்துக்கு வேண்டிக் கொள்கிறாள். உறவினர்களில் ஒருவர், உலக அனுபவம் உள்ளவர், "கால் கட்டுப் போட்டுவிடுங்கள், எல்லாம் சரியாய்ப் போய்விடும்" என்று யோசனை சொல்கிறார். வாசகர்களே, இந்த யோசனையைச் சொல்பவர்களை வணங்கி வழியனுப்பி விடுங்கள். கல்யாணம் எந்த வியாதிக்கும் மருந்தல்ல. ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையையும் சேர்த்துப் பாழாக்குவதுதான் அதன் பலன்.

கடைசியில் ஒரு நாள் ஜில்லா தலைமை ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஓ.பி. சீட்டு வாங்கிக் கொண்டு பெஞ்சியில் காத்திருக்கிறார்கள். டாக்டர் பையனுடன் தனியாகப் பேசுகிறார். பிறகு பெற்றோருடன் பேசுகிறார். எப்போது ஆரம்பித்தது, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா, கஞ்சா, குடி ஏதேனும் பழக்கமா, தலையில் அடிபட்டதா, தற்கொலை எண்ணம் உண்டா என்றெல்லாம் கேட்கிறார். தைராய்டு கோளாறு போன்ற உடல் வியாதிகளும் மனத்தைக் கலக்கக் கூடுமாகையால் இரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுக்கிறார். "ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டுமா?" என்று தாயார் நடுங்கிக் கொண்டே கேட்கிறாள். "வேண்டியதில்லை. சாப்பிடுகிறான், மாத்திரை போட்டுக் கொள்ளச் சம்மதிக்கிறான், நீங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கிறீர்கள். இரண்டு வாரம் கழித்து அழைத்து வாருங்கள்" என்கிறார் டாக்டர்.

பெரும்பாலான நோயாளிகளுக்கு வைத்தியம் இவ்வளவுதான். வெளி நோயாளியாகவே வந்து குணமடைகிறவர்களே அதிகம். ஆனால் இந்த மருந்துகள் தலைவலி மாத்திரையைப் போல் அரை மணி நேரத்தில் வேலை செய்வதில்லை. இரண்டு முதல் ஆறு வாரங்கள் பொறுக்க வேண்டும். அதற்குள் தூக்கம், கை நடுக்கம், உடல் பருமன் போன்ற தொந்தரவுகள் தலை காட்டலாம். அவற்றை டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், மருந்தை மாற்றுவார். தினம் மாத்திரை சாப்பிட மறுப்பவர்களுக்கு மாதம் ஒரு முறையோ இரு முறையோ போட்டுக் கொள்ளும் ஊசி மருந்தும் உண்டு.

நமது கதையில் அந்தத் தகப்பனார் டாக்டரிடம் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் பையன் நன்றாகத் தேறிவிட்டான். "இனிமேல் எதற்கு இந்தத் தூக்க மாத்திரை? பழக்கமாகிப் போய்விடும்" என்று அவரே நிறுத்திவிட்டார். அன்பினால் செய்த காரியந்தான். ஆனால் மனோவியாதி திரும்பி வருவதற்கு முதன்மையான காரணம் எது என்று எந்த மனோ வைத்தியரைக் கேட்டாலும், இதைத்தான் சொல்வார். சில மாதங்களில் வியாதி இரண்டு மடங்காகத் திரும்பியது. சாப்பாட்டில் விஷம் கலந்திருக்கிறது என்று பையன் மூன்று நாள் பட்டினி கிடந்தான். சமாதானம் சொல்ல வந்த தகப்பனாரையே கைநீட்டி அடித்துவிட்டான்.

எப்போது உள்ளே? எத்தனை நாள்?

இத்தகைய சமயத்தில்தான் உள் நோயாளியாகச் சேர்ப்பது அவசியமாகிறது. தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து, அன்ன ஆகாரமில்லாமல் தன்னைக் கவனித்துக் கொள்ள முடியாத நிலைமை, வீட்டில் கொடுக்க முடியாத சிகிச்சை ஆகியவையே அதற்குக் காரணங்கள். "வீட்டில் வைத்துக் கொள்ளப் பிரியமில்லை" என்பது வைத்திய சாஸ்திரம் ஒப்புக் கொள்ளும் காரணமல்ல.

2017-ம் வருஷத்தில் பார்லிமெண்டு நிறைவேற்றி, 2018-ல் அமுலுக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. தானாகவே ஆஸ்பத்திரியில் சேர்ந்து கொள்கிறவர் மற்ற நோயாளிகளைப் போலவே தானாக வெளியே வரலாம். சம்மதிக்கும் நிலையில் இல்லாதவரைச் சேர்க்க வேண்டுமானால், நோயாளியின் பிரதிநிதி விண்ணப்பம் செய்ய வேண்டும். மனோ வைத்தியர் ஒருவரும் மற்றொரு நிபுணரோ டாக்டரோ தனித்தனியே பரிசோதித்து அவசியம் என்று எழுத வேண்டும். அப்போதும் முதல் தடவை 30 நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. மேலும் வைத்திருக்க வேண்டுமானால் மறுபடியும் பரிசோதித்து, அதற்கென உள்ள மறுபரிசீலனைச் சபையின் அனுமதி பெற வேண்டும். தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், தன் பிரதிநிதி யார் என்று ஒருவர் நல்ல நிலையில் இருக்கும்போதே எழுதி வைக்கலாம். மாஜிஸ்டிரேட்டின் உத்தரவுக்குக் காத்திருந்த 1912-ம் வருஷத்துச் சட்டத்திலிருந்து நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் பாருங்கள்!

மின்சாரச் சிகிச்சை என்றதும் பலர் கதி கலங்குகிறார்கள். 1938-ம் வருஷத்தில் ரோமாபுரியில் கண்டுபிடிக்கப்பட்ட அந்தச் சிகிச்சை, ஆரம்பத்தில் மயக்க மருந்து இல்லாமல் செய்யப்பட்டது உண்மையே. 2017-ம் வருஷத்துச் சட்டம் அதை அடியோடு தடுத்துவிட்டது. மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். அன்ன ஆகாரத்தைத் துறந்து உயிரை விடத் துணிந்தவர்களை அது காப்பாற்றுகிறது.

அந்தச் சட்டம் மற்றொன்றையும் தடுத்திருக்கிறது. அதை எழுதும்போது கை நடுங்குகிறது. 2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் தனியார் விடுதி ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்த மனோ நோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் பகைவர்களல்ல. பெற்றவர்களும் உடன் பிறந்தவர்களுமே. தர்காவின் மகிமையில் நம்பிக்கை வைத்து வந்தவர்கள் அவர்கள். நம்பிக்கை குற்றமல்ல. பிரார்த்தனையும் மருந்தும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல என்பதை உணர்ந்து, குஜராத்திலும் பின்னர் ஏர்வாடியிலும் தர்காவின் அருகிலேயே மனோ வைத்தியர்கள் சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. குற்றம் சங்கிலியில் இருக்கிறது. கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போவதில் இருக்கிறது.

வாசற்படி

நமது பையனின் விஷயத்துக்கு வருவோம். தாயார் அவனுடனேயே வார்டில் தங்கினாள். மூன்று வாரத்தில் பையன் தெளிந்தான். "நாளைக்கு அழைத்துப் போகலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லா ஆஸ்பத்திரிகளிலும் இதுதான் மிகவும் முக்கியமான நாள். சிகிச்சையின் வெற்றியும் தோல்வியும் அன்றைக்கு நோயாளிக்காக யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது.

யாரும் வராமற் போனவர்கள் நமது தேசத்து மனோ ஆஸ்பத்திரிகளில் ஏராளமாக இருக்கிறார்கள். வியாதி தணிந்து விட்டது, அதிகாலையில் எழுந்து குளிக்கிறார்கள், வார்டைப் பெருக்குகிறார்கள், புது நோயாளிக்குச் சோறு ஊட்டுகிறார்கள். கொடுத்த விலாசம் பொய் விலாசம். அல்லது வீடு மாறிவிட்டது. அல்லது கடிதத்துக்குப் பதில் இல்லை. 2017-ம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டே இவர்கள் விஷயத்தைக் கவனித்து, குணமடைந்தவர்களுக்கு மறுவாழ்வு அளிக்கத் திட்டம் வகுக்கும்படி உத்தரவிட்டது. குடும்பம் இல்லை என்பதற்காகவோ, குடும்பத்தார் ஏற்கவில்லை என்பதற்காகவோ ஒருவரை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது. ஆனால் சட்டத்தினால் கதவைத் திறக்க முடியும். வாசலில் நின்று "வா, அப்பா" என்று அழைக்க முடியுமா?

இந்தக் குறையை உணர்ந்து உழைத்தவர்களும் நம்மிடையே உண்டு. இந்தியாவின் முதல் பெண் மனோ வைத்தியர் என்று புகழ் பெற்ற டாக்டர் சாரதா மேனன், கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியின் தலைவராக 1978 வரை பணியாற்றினார். அந்தப் பதவி வகித்த முதல் பெண்மணியும் அவரே. வெளியூர் நோயாளிகள் சென்னைக்கு ரயிலேறி வர வேண்டியிருந்ததை மாற்றி, ஜில்லா ஆஸ்பத்திரிகளில் மனோ வைத்திய வெளி நோயாளிப் பிரிவுகள் ஏற்படப் பாடுபட்டார். பிறகு 1984-ம் வருஷத்தில் 'ஸ்கார்ப்' என்னும் ஸ்தாபனத்தைச் சென்னையில் நிறுவி, சித்தப் பிரமையிலிருந்து மீண்டவர்கள் தொழிலும் சம்பாத்தியமுமாக வாழ வழி செய்தார். 1992-ல் சர்க்கார் அவருக்குப் பத்மபூஷண் விருதளித்தது. 2021-ம் வருஷம் தமது 98-வது வயதில் காலமாகும் வரையில் அவருக்கு இதே சிந்தனைதான். 1993-ல் சென்னையில் ஆரம்பமான 'பான்யன்' ஸ்தாபனத்தார், தெருவில் அலையும் பெண் நோயாளிகளைக் காப்பாற்றிக் குணப்படுத்தி, வீட்டைக் கண்டுபிடித்துச் சேர்க்கிறார்கள். வீடே இல்லாதவர்களை நாலைந்து பேராகச் சேர்த்துச் சாதாரணத் தெருவில் வாடகை வீடு பிடித்துக் குடி வைக்கிறார்கள். ரத்த பந்தம் கைவிட்டவர்களுக்கு அண்டை வீட்டார் பந்துக்களாகிறார்கள்.

வீட்டுக்கு அழைத்து வந்தால் மட்டும் போதுமா? அதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். லண்டனில் 1950-களில் தொடங்கிப் பல வருஷம் நடந்த ஆராய்ச்சிகள் ஓர் உண்மையை நிலைநாட்டின. குற்றம் சொல்லிக் கொண்டும் வெறுப்பைக் காட்டிக் கொண்டும் இருக்கும் வீட்டிற்குத் திரும்பும் நோயாளிக்கு வியாதி மறுபடி வருவது அதிகம். அளவு கடந்து பொத்திப் பொத்தி வைக்கும் வீட்டிலும் அப்படியே. பின்னர் இதே ஆராய்ச்சியைச் சண்டிகரில் செய்தபோது, லண்டனை விட அங்கே பொறுமையுள்ள குடும்பங்கள் அதிகமாக இருப்பது தெரிய வந்தது. இது நமக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரம். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிடாமல், தினமும் காப்பாற்றிக் கொள்ள வேண்டும். "உன்னால் எங்களுக்கு எவ்வளவு அவமானம்!" என்ற ஒரு வாக்கியத்தை நாக்கு நுனியில் நிறுத்தி விழுங்கிவிட்டால், அது ஒரு வேளை மாத்திரைக்குச் சமானம்.

வழி தெரியாமல் தவிக்கும் குடும்பத்தார், சர்க்கார் 2022-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் ஆரம்பித்த 'டெலிமானஸ்' என்ற டெலிபோன் உதவியை 14416 என்ற எண்ணில் கூப்பிடலாம். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

பையன் வீட்டுக்கு வந்து ஒரு வாரமாகிறது. மாத்திரை டப்பா சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாயார் விளக்கேற்றிய கையோடு அதை எடுத்துக் கொடுக்கிறாள். எதிர் வீட்டுக்காரர் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "என்ன சார், பையனைக் கொஞ்ச நாளாகக் காணவில்லையே! வெளியூரோ?" என்று கேட்கிறார்.

வாத்தியார் ஒரு நிமிஷம் தயங்குகிறார். பெங்களூர் அத்தை நாக்கு நுனி வரையில் வந்துவிட்டாள். பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறார்:

"வெளியூர் இல்லை, ஐயா. அவனுக்கு மனத்தில் வியாதி. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தான். இவன் அம்மாவும் கூடவே இருந்தாள். இப்போது தேவலை. செவ்வாய்க்கிழமை மறுபடியும் டாக்டரிடம் காட்டப் போகிறோம். உள்ளேதான் இருக்கிறான், வந்து பேசிவிட்டுப் போங்களேன்!"